பிள்ளைச் சோற்றில் நம் பங்கு

(பொள்ளாச்சியில் தென்னை விவசாயிகளும் தேனீ வளர்ப்போரும் கூடிய அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



கூட்டம் நடத்துகிறவர்கள் நோட்டீஸில் 'தேனீ மகரந்தம்: ஓர் அற்புத உணவு' என்று அச்சடித்துவிட்டார்கள். ஊர் முழுக்க ஒட்டியும் ஆகிவிட்டது. அதில் 'உணவு' என்ற சொல்லுக்கு நான் பொறுப்பு. 'அற்புத'த்துக்கு என்னால் பொறுப்பேற்க முடியாது.

முன்வரிசையில் ஒரு எவர்சில்வர் தட்டு கொடுத்தனுப்பியிருக்கிறேன். அதில் இருப்பது நேற்றுச் சாயங்காலம் பெட்டியிலிருந்து எடுத்த மகரந்தம். கையில் எடுத்துப் பாருங்கள், முகர்ந்து பாருங்கள், பக்கத்தில் இருப்பவரிடம் கொடுங்கள். வாயில் மட்டும் போடாதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

இந்த அரங்கில் பெட்டி வைத்திருப்பவர்களும் இருக்கிறீர்கள், பாட்டில் வாங்குகிறவர்களும் இருக்கிறீர்கள். இரு தரப்புக்கும் நான் சொல்ல வந்தது ஒன்றுதான். தேன் என்பது தேனீயின் சேமிப்பு. மகரந்தம் அதன் பிள்ளைகளுக்கான சோறு. சேமிப்பில் பங்கு கேட்பது வேறு, பிள்ளைச் சோற்றில் கை வைப்பது வேறு. கை வைக்கவே கூடாது என்று சொல்லமாட்டேன். நானும் எடுக்கிறேன், நானும் தின்கிறேன். எவ்வளவு எடுக்கலாம், எப்போது எடுக்கக்கூடாது, எடுத்ததை எப்படிக் கெடாமல் வைப்பது, தின்றால் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பதைத் தெரிந்துகொண்டு செய்வோம் என்கிறேன்.

நாளைக் காலை எட்டு மணி வாக்கில் உங்கள் தோப்பில் ஒரு தேன்பெட்டிக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்து வாசலைப் பாருங்கள். நேர் எதிரே உட்கார்ந்தால் வழி மறித்த குற்றத்துக்குக் கொட்டு விழும். திரும்பி வருகிற ஈக்களில் சிலவற்றின் பின்னங்கால்களில் இரண்டு பக்கமும் கடுகை விடப் பெரிதாக ஓர் உருண்டை ஒட்டியிருக்கும். தென்னையிலிருந்து வந்ததானால் வெளிறிய சந்தன நிறம். சூரியகாந்தியானால் நல்ல ஆரஞ்சு கலந்த மஞ்சள். ஓர் ஈயின் இரண்டு உருண்டையும் பெரும்பாலும் ஒரே நிறமாக இருக்கும். ஒரு நடையில் ஒரே வகைப் பூவுக்குத்தான் போவது என்ற ஒழுங்கு தேனீக்கு உண்டு. கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் 2,300 ஆண்டுகளுக்கு முன்பே இதைக் கவனித்து எழுதிவைத்திருக்கிறார். அந்த ஒழுங்கு இருப்பதால்தான் தேனீயை நம்பி நாம் விவசாயம் செய்கிறோம்.

அந்த உருண்டையை அது எப்படிக் கட்டுகிறது என்பதைப் பார்த்தால் அசந்துபோவீர்கள். பாளையில் புரளும்போது உடம்பு மயிரெல்லாம் பூந்தூள் அப்பிக்கொள்கிறது. பிறகு அந்தரத்தில் நின்றபடியே கால்களால் உடம்பைச் சீவுகிறது. தேன்பையிலிருந்து துளித் தேனைக் கக்கி, தூளை ஈரமாக்கிப் பிசைகிறது. பிசைந்ததை முன்னங்கால் நடுக்காலுக்கும், நடுக்கால் பின்னங்காலுக்கும் தள்ளுகிறது. பின்னங்காலின் வெளிப்பக்கத்தில் லேசாகக் குழிந்த ஒரு இடம் உண்டு. அதைத்தான் மகரந்தக் கூடை என்கிறோம். சுற்றிலும் வளைந்த மயிர் வேலி, நடுவில் விறைப்பான ஒற்றை மயிர். உருண்டை அந்த ஒற்றை மயிரைச் சுற்றித்தான் வளர்கிறது. அது ஆணி போலப் பிடித்துக்கொள்வதால் காற்றில் பறக்கும்போது விழுவதில்லை. ஆக, உங்கள் கையில் இருக்கும் மணி வெறும் பூந்தூள் இல்லை. தேனும் எச்சிலும் கலந்து பிசைந்த சாமான். அதனால்தான் லேசாக இனிக்கிறது. அதனால்தான் சீக்கிரம் கெடுகிறது.

கூட்டுக்குள் போனதும் ஈ அந்த இரண்டு உருண்டையையும் ஓர் அறைக்குள் தானே உதறித் தள்ளிவிட்டுப் போய்விடும். உள்வேலை பார்க்கும் இன்னொரு ஈ வந்து தலையால் முட்டி முட்டி அதை அமுக்கும். அறை முக்கால்வாசி நிறைந்ததும் மேலே தேனை ஊற்றும். உள்ளே மெல்லப் புளித்து, ஒருவித ஊறுகாய் போல ஆகிவிடுகிறது. தேனீ ரொட்டி என்று சொல்வது இதைத்தான். புழு அறைகளைச் சுற்றி வளையமாக இந்த அறைகள் இருக்கும். அடுக்களைக்குப் பக்கத்திலேயே அரிசிப்பானை இருக்க வேண்டும் அல்லவா! இளம் பணித்தேனீக்கள் இந்த ரொட்டியைத் தின்று, தலையிலுள்ள சுரப்பிகளில் பால் சுரந்து புழுக்களுக்கு ஊட்டுகின்றன. ராணிக்கும் அந்தப் பால்தான். மகரந்தம் வரத்துக் குறைந்தால் ராணி முட்டை குறைக்கும். அடியோடு நின்றால் முட்டையும் நின்றுபோகும். பெட்டி நிறையத் தேன் இருந்தாலும் புரதம் இல்லாமல் ஒரு புழு தேனீயாகாது.

இப்போது கொஞ்சம் கணக்குப் போடுவோம். இத்தாலியத் தேனீ ஒரு நடையில் இரண்டு காலிலும் சேர்த்து ஏறத்தாழ 15 மில்லிகிராம் கொண்டுவருகிறது. ஒரு பணித்தேனீயை முட்டையிலிருந்து வளர்த்து ஆளாக்க ஏறத்தாழ 125 மில்லிகிராம் மகரந்தம் வேண்டும். எட்டு, ஒன்பது நடைக்கு ஒரு பிள்ளை. நாம் ஒரு டீஸ்பூன் அள்ளுகிறோம். 5 கிராம் என்று வையுங்கள். முந்நூற்றுச் சொச்சம் நடை, நாற்பது பிள்ளைகளின் சோறு. ஒரு கிலோ என்றால் அறுபதாயிரத்துக்கு மேல் நடை. நல்ல பலமான ஒரு இத்தாலியக் கூட்டத்துக்கு வருஷத்துக்கு 20 கிலோவுக்குக் குறையாமல் மகரந்தம் தேவைப்படும். இந்தக் கணக்கு பாட்டில் வாங்குகிறவர்களுக்குக் குற்ற உணர்ச்சி வரவேண்டும் என்பதற்காக இல்லை. மகரந்தம் மலிவாகக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள் என்பதற்காகத்தான்.

எடுக்கும் கருவி எளிமையானது. மகரந்தப் பொறி என்பார்கள். வாசலில் பொருத்தும் ஒரு சின்னப் பெட்டி. உள்ளே ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் துளைகள் போட்ட ஒரு தகடு. அந்தத் துளை வழியாக ஈ நெருக்கியடித்து நுழைகிறபோது காலிலுள்ள உருண்டை இடித்துக் கழன்று விழும். கீழே வலை, வலைக்குக் கீழே இழுப்பறை. உருண்டை வலை வழியாக இழுப்பறைக்குள் விழுந்துவிடும். ஈயால் அதைத் திரும்ப எடுக்க முடியாது. ஆண் ஈக்கள் பெருத்தவை. அவை வெளியே போக ஒரு தனி வழி வைக்காவிட்டால் துளையில் சிக்கி வாசலையே அடைத்துவிடும். நல்ல பொறி என்றால் எல்லா உருண்டையையும் பறிக்கக்கூடாது. சிறிய உருண்டைகள் தப்பி உள்ளே போக வேண்டும். எல்லாவற்றையும் பறிக்கும் பொறி என்று யாராவது பெருமையாக விற்றால் வாங்காதீர்கள்.

பொறியை மாட்டும் நாளில் ஈக்கள் குழம்பும். வாசலில் கொத்துக் கொத்தாகத் தொங்கும். வரிசையில் ஒரு பெட்டிக்கு மட்டும் மாட்டினால் அந்தப் பெட்டியின் ஈக்கள் பக்கத்துப் பெட்டிக்குள் புகுந்துவிடும். மாட்டினால் வரிசை முழுக்க ஒரே சாயங்காலத்தில் மாட்டிவிடுங்கள். முதல் ஓரிரு நாள் தகட்டைத் தூக்கி வைத்திருந்து பழக்குங்கள். பலமான கூட்டத்தில் மட்டும் மாட்டுங்கள். வாரம் முழுக்க வைக்காதீர்கள். ஒன்றிரண்டு நாள் பறித்தால் அடுத்த ஒன்றிரண்டு நாள் தகட்டைத் தூக்கிவிடுங்கள். இழுப்பறையைத் தினம் சாயங்காலம் காலி செய்ய வேண்டும். "ரெண்டு நாளைக்கு ஒருக்கா எடுத்தாப் போதாதுங்களா?" என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. ஒரு இரவு பனியில் கிடந்தாலே அடியில் உள்ளது பிசுபிசுக்கும், எறும்பு வந்துவிடும், மெழுகு அந்துப்பூச்சி முட்டையிடும். மழை மேகம் கண்டால் அன்றைக்குப் பொறி வேண்டாம்.

இது எல்லாமே இத்தாலியத் தேனீக்குச் சொன்னது. நம் இந்தியத் தேனீக்கு, அடுக்குத்தேனீ என்று சொல்கிறோமே அதற்கு, நான் பொறி மாட்டுவதில்லை. மாட்டச் சொல்லுவதும் இல்லை. உருவம் சிறியது, கூட்டமும் சிறியது. அதோடு ரோஷக்கார ஈ. கொஞ்சம் தொந்தரவு கூடினாலும் பெட்டியைக் காலி செய்துவிட்டு ஒரு நாள் காலையில் மொத்தமாகக் கிளம்பிவிடும். இருநூறு கிராம் மகரந்தத்துக்கு ஆசைப்பட்டுக் கூட்டத்தையே இழப்பது எந்தக் கணக்கிலும் லாபமாகாது. 1991-92இல் தாய் சாக்புரூட் என்ற நச்சுயிரி நோய் கன்னியாகுமரிப் பக்கமும் கேரளத்திலும் பரவி, பெட்டியில் வளர்த்த இந்தியத் தேனீக்களில் பெரும்பாலானவை செத்தொழிந்தன. அதற்குப் பிறகுதான் தெற்கே இத்தாலியத் தேனீ பரவலாக வந்தது. மகரந்தம் எடுக்கும் பேச்சும் அதன் பிறகுதான் இங்கே சூடு பிடித்தது. தப்பிப் பிழைத்துப் பெருகி வந்திருக்கும் இந்தியத் தேனீயை அதன் பாட்டுக்கு விடுங்கள்.

மார்த்தாண்டம் பக்கத்துத் தேன் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்கே பெரிய தேன் வரத்து ரப்பர் தோட்டத்திலிருந்து. ரப்பர் மரம் இலை உதிர்த்துத் துளிர்விடும்போது இலைக்காம்பு நுனியில் இருக்கும் சுரப்பிகளில் தேன் ஊறும். பூவிலிருந்து வருகிற தேன் இல்லை, இலையிலிருந்து வருகிறது. தேன் கொட்டோ கொட்டென்று கொட்டும். ஆனால் இலைக்காம்பில் ஏது மகரந்தம்? அது தென்னையிலிருந்தும் தொட்டாற்சிணுங்கி போன்ற செடிகளிலிருந்தும்தான் வரவேண்டும். அந்த நேரத்தில் போய்ப் பொறியை மாட்டினால், தேன் ததும்பும் பெட்டியில் பிள்ளைகள் பட்டினி கிடக்கும். தேன் வரத்தும் மகரந்த வரத்தும் வேறு வேறு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அந்த வகையில் பொள்ளாச்சிக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். தென்னை ஏறத்தாழ மாதம் ஒரு பாளை விடுகிறது. ஒரு பாளையில் ஆண் பூக்கள் ஆயிரக்கணக்கில். நெட்டை மரத்தில் முதலில் மூன்று வாரம் போல ஆண் பூக்கள்தான் தினமும் காலையில் விரிந்துகொண்டே இருக்கும். அவை உதிர்ந்த பிறகுதான் குரும்பைப் பூக்கள் பருவத்துக்கு வரும். தோப்பு முழுக்க ஏதாவது ஒரு மரத்தில் ஏதாவது ஒரு பாளை விரிந்திருக்கும். வேறெந்தப் பயிரும் வருஷம் முழுக்க இப்படிச் சோறு போடாது. இவ்வளவு இருந்தும், அடைமழைக் காலத்தில் ஈ வெளியே போக முடியாத நாட்களில் கையிருப்பைத் தின்றுதான் பிழைக்கும். அந்தக் கையிருப்பு இருக்கிறதா என்று அடையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் பொறியைத் தொட வேண்டும். புழு அறைகளைச் சுற்றி மகரந்த வளையம் இரண்டு விரல்கடை அகலத்துக்கு இல்லையென்றால் பொறி பரணில் இருக்கட்டும்.

மகரந்தம் தின்பது ஏதோ போன வருஷம் வெளிநாட்டிலிருந்து இறங்கிய பழக்கம் என்று நினைக்க வேண்டாம். நீலகிரியில் மலைத்தேன் எடுக்கும் குறும்பர், இருளர், காட்டுநாயக்கர் மக்கள் அடையைப் பிழிந்து தேனை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை எறிகிறவர்கள் இல்லை. புழு அடையும் மகரந்த அடையும் அவர்களுக்கு உணவு. தேனீயே நடுவில் இல்லாமல் மகரந்தம் தின்றவர்களும் உண்டு. இராக்கின் தெற்குச் சதுப்பு நிலத்தில் சம்பங்கோரைப் பூவின் தூளைத் திரட்டி, ஆவியில் இறுக்கி, 'கிர்ரெத்' என்ற மஞ்சள் மிட்டாய் செய்கிறார்கள். நியூசிலாந்தின் மாவோரிகள் அதே கோரையினத்துத் தூளில் அப்பம் சுட்டார்கள். நம் ஊர்ச் சுவர்ப் பொந்துகளில் இருக்கும் கொசுத்தேனீயைப் பிரித்தவர்களுக்குத் தெரியும்: தேனுக்குத் தனிக் குமிழ், மகரந்தத்துக்குத் தனிக் குமிழ் என்று மெழுகும் பிசினும் கலந்து கட்டி வைத்திருக்கும். அந்த மகரந்தம் சுள்ளென்று புளிக்கும். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். ஆனால் ஒரு கூட்டில் ஒரு வாய்தான் தேறும், அதையும் எடுப்பது நியாயமில்லை.

சரி, சாயங்காலம் இழுப்பறையைக் காலி செய்துவிட்டோம். இனிமேல்தான் உண்மையான வேலை. மகரந்தம் எடுப்பதில் கெட்டிக்காரர்கள் பலர் உண்டு. வைப்பதில் கோட்டை விடுகிறவர்கள்தான் அதிகம்.

பச்சை மகரந்தத்தில் நூற்றுக்கு 20 முதல் 30 பங்கு ஈரம். அதோடு சர்க்கரை, புரதம், கொஞ்சம் எண்ணெய்ச் சத்து. பூஞ்சைக்கு இதைவிட நல்ல விருந்து கிடையாது. நம் ஊர் வெக்கையில் மூடி போட்ட டப்பாவில் ஒரு நாள் இருந்தாலே வேர்த்து, கட்டிபட்டு, கள்ளு வாடை அடிக்கும். முதலில் சுத்தம் செய்யுங்கள். சல்லடையில் சலித்தால் பொடி கீழே போய்விடும். முறத்தில் இட்டு மெல்லப் புடைத்தால் ஈயின் கால், இறகு, மெழுகுத் துணுக்கு எல்லாம் முன்னே வந்து பறந்துவிடும். வீட்டில் பெண்கள் ஐந்து நிமிஷத்தில் செய்வதை மிஷின் அரை மணி நேரம் செய்கிறது. தண்ணீரில் மட்டும் கழுவாதீர்கள், உருண்டை கரைந்துபோகும்.

அதன் பிறகு இரண்டு வழி. ஒன்று, பச்சையாகவே ஃப்ரீசரில் வைப்பது. சத்தும் ருசியும் இதில்தான் அதிகம் நிற்கும். சின்னச் சின்னப் பொட்டலமாகப் போட்டு வையுங்கள். ஒரு வாரத்துக்கு ஒரு பொட்டலம். பெரிய டப்பாவாக வைத்துத் தினம் வெளியே எடுத்துத் திறந்தால், குளிர்ந்த மணியின் மேல் காற்றின் ஈரம் படிந்து கொஞ்ச நாளில் கெட்டுவிடும். மின்வெட்டு அதிகமுள்ள ஊரானால் இந்த வழியை மறந்துவிடுங்கள்.

இரண்டாவது, உலர்த்துவது. வெயிலில் காயப்போடுவதற்குத்தான் நம் கை முதலில் போகும். வத்தல், வடகம் என்று பழகிய கை. நேர் வெயில் பட்டால் மகரந்தத்தின் நிறம் வெளிறும். நிறம் போகிறது என்றால் கரோட்டின் போகிறது என்று அர்த்தம். நிழலில், காற்றோட்டத்தில், வெள்ளைத் துணி விரித்து ஒற்றை அடுக்காகப் பரப்பி, மேலே வலை போட்டு உலர்த்தலாம். கோடையில் இங்கே இது முடியும். ஈரக்காற்று அடிக்கும் மாதங்களில் முடியாது; அப்போது உலர்த்தும் பெட்டி வேண்டும். சூடு 40 டிகிரியைத் தாண்டவிடாதீர்கள். ஈரம் நூற்றுக்கு ஏழு, எட்டுக்குக் கீழே இறங்க வேண்டும். ஒரு கிலோ பச்சை மகரந்தம் காய்ந்தால் ஏறத்தாழ 800 கிராம் நிற்கும். கருவி இல்லாதவர்களுக்கு ஒரு சோதனை சொல்கிறேன். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிடித்துக் கையைத் திறந்தால் மணி மணியாக உதிர வேண்டும். எவர்சில்வர் தட்டில் ஒரு சாண் உயரத்திலிருந்து கொட்டினால் கலகலவென்று சத்தம் வரவேண்டும். பொத்பொத்தென்று விழுந்தால் இன்னும் காயவில்லை. இப்போது உங்களிடையே சுற்றிக்கொண்டிருக்கும் தட்டை ஆட்டிப் பாருங்கள், சத்தமே வராது, அது பச்சை. இதோ என் கையிலிருக்கும் பாட்டிலை ஆட்டுகிறேன், கேளுங்கள்.

காய்ந்ததை அப்படியே பாட்டிலில் அடைக்கக்கூடாது. அந்துப்பூச்சி முட்டை கண்ணுக்குத் தெரியாது. மூன்று வாரம் கழித்துப் பாட்டிலுக்குள் புழு நெளியும். காற்றுப் புகாத பையில் போட்டு இரண்டு நாள் ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் முட்டையும் சிலந்திப் பூச்சியும் செத்துவிடும். பிறகு கண்ணாடி பாட்டிலில், வெளிச்சம் படாத, குளுமையான இடத்தில் வையுங்கள். கடையில் கண்ணாடி அலமாரிக்குள் டியூப்லைட் வெளிச்சத்தில் மினுமினுவென்று வரிசையாக வைத்திருக்கிறார்களே, அதுதான் மிக மோசமான இடம். சரியாகக் காய்ந்த மகரந்தமும் வெளியே இருக்க இருக்கச் சத்து இழக்கும். ஒரு வருஷம் தாண்டினால் பூச்சி வராவிட்டாலும் எண்ணெய்ச் சத்து காரல் அடிக்கும். ஃப்ரீசர் இல்லை, உலர்த்தவும் தோதில்லை என்பவர்கள் பச்சை மகரந்தத்தை இரண்டு பங்கோ அதற்கு மேலோ நல்ல முற்றிய தேனில் கலந்து வைக்கலாம். தேனீயும் அதைத்தானே செய்கிறது!

வேறெங்கோ வாங்கிய மகரந்தத்தை உங்கள் பெட்டி ஈக்களுக்குத் தீனியாகக் கொடுக்காதீர்கள். அந்தக் கூட்டத்தின் நோய் இந்தக் கூட்டத்துக்கு வந்துவிடும். இதைப் பெட்டிக்காரர்கள் மட்டும் மனதில் வைத்தால் போதும்.

இனி, தின்பது. மகரந்தத் துகளுக்கு ஓர் ஓடு உண்டு. ஸ்போரோபொல்லெனின் என்ற பொருளால் ஆனது. அமிலத்துக்கும் அசையாது, ஏரிக்கடியிலும் பாறைக்குள்ளும் லட்சக்கணக்கான ஆண்டுகள் அழியாமல் கிடக்கிற அளவுக்கு உறுதி. அதை வைத்துத்தான் பழங்காலத்தில் எங்கே என்ன காடு இருந்தது என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். அப்படிப்பட்ட ஓட்டை நம் வயிறு முழுசாக உடைக்காது. மணியை அப்படியே வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தால் பாதி உள்ளே வந்த மாதிரியே போய்விடும். தண்ணீரிலோ, பாலிலோ, தயிரிலோ சில மணி நேரம் ஊறவைத்தால் துகள் உப்பி வெடிக்கும், சத்து வெளியே வரும். உலர்ந்ததை மிக்சியில் ஒரு சுற்று விட்டுத் தேனில் குழைத்தாலும் ஆகும். கொதிக்கிற பாலில் போடாதீர்கள். ஆறின பிறகு போடுங்கள். ருசி பூவுக்குப் பூ மாறும். தென்னை மகரந்தம் மெல்லிய இனிப்பு, பின்னால் லேசான துவர்ப்பு. சில காட்டுப் பூக்களுடையது கசக்கும்.

சத்து எவ்வளவு? சராசரியாக நூற்றுக்கு இருபது சொச்சம் புரதம். பூவைப் பொறுத்துப் பத்திலிருந்து நாற்பது வரை போகும். நல்ல உணவு, சந்தேகமில்லை. ஆனால் நாம் தின்பது ஒரு டீஸ்பூன், 5 கிராம். அதில் புரதம் ஒரு கிராம். ஒரு முட்டையில் ஆறு கிராம். ஒரு பிடி கொண்டைக்கடலைச் சுண்டலில் அதே ஆறு கிராம். புரதத்துக்காக மகரந்தம் வாங்குகிறவர் ஆறு ஸ்பூன் தின்றால்தான் ஒரு முட்டைக்கு ஈடு. இரும்பு, துத்தநாகம், கரோட்டின், நிறமிச் சத்துகள் எல்லாம் உண்டு. அவையும் ஸ்பூன் அளவுக்குத்தான். தினம் கீரை சாப்பிடுகிறவருக்கு மகரந்தம் புதிதாகக் கொண்டுவந்து கொடுப்பது ருசிதான். அந்த ருசிக்காகத்தான் நானும் தின்கிறேன்.

பாட்டில் மேல் வேறென்னவெல்லாமோ எழுதியிருக்கும். இளமை திரும்பும், எடை குறையும், சர்க்கரை தீரும், ஓட்டப் பந்தயத்தில் ஓடலாம். 1970களில் அமெரிக்காவில் லூசியானா மாநிலப் பல்கலைக்கழக நீச்சல் வீரர்களுக்கு மகரந்த மாத்திரை கொடுத்துச் சோதித்தார்கள். சிலருக்கு மகரந்தம், சிலருக்கு அதே தோற்றத்தில் வெற்று மாத்திரை. இரு தரப்புக்கும் நீச்சலில் வித்தியாசம் தெரியவில்லை. 1992இல் அங்கே ஒரு பெரிய மகரந்த நிறுவனம், எடை குறையும், நோய் தீரும் என்று டி.வி.யில் செய்த விளம்பரங்களுக்காக வணிக ஆணையத்தின் நடவடிக்கைக்கு ஆளாகி, 2,00,000 டாலர் கட்டச் சம்மதித்தது. அங்கே முப்பது வருஷத்துக்கு முன் அடிவாங்கிய அதே வாசகங்கள்தான் இன்றைக்கு இங்கே தமிழில் அச்சாகி வருகின்றன. மருந்து என்று விற்காதீர்கள். மருந்து என்று வாங்காதீர்கள்.

தட்டிலிருந்து எடுத்து வாயில் போடாதீர்கள் என்று முதலிலேயே சொன்னேனே, காரணம் இதுதான். மகரந்தம் சிலருக்கு ஒவ்வாது. ஒவ்வாமை என்றால் லேசான அரிப்போடு நிற்கும் என்று நினைக்காதீர்கள். நாக்கு வீங்கி, மூச்சு அடைத்து, இரத்த அழுத்தம் இறங்கி ஆஸ்பத்திரிக்கு ஓடியவர்கள் உண்டு. முதல் ஸ்பூனிலேயே அப்படி ஆனதாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன. ஆஸ்துமா உள்ளவர்கள், பூக்காலத்தில் அடுக்குத் தும்மல் போடுகிறவர்கள் தொடவே வேண்டாம். "தும்மலுக்கு மகரந்தம் தின்றால் சரியாகுமாமே" என்று ஒரு பேச்சு சுற்றுகிறது. நம் ஊரில் தும்மலைக் கிளப்பும் மகரந்தங்களில் சீமைக்கருவேலுக்கும் பார்த்தீனியத்துக்கும் முக்கிய இடம் உண்டு. சீமைக்கருவேல் தேனீக்கு மிகவும் பிடித்த பூ. எந்தப் பூவால் உங்களுக்குத் தும்மல் வருகிறதோ, அதையே ஸ்பூனில் அள்ளித் தின்றால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

மற்றவர்களும் முதல் நாள் ஒரே ஒரு மணியை நாக்கில் வைத்துப் பாருங்கள். மறுநாள் இரண்டு. ஒரு வாரத்தில் கால் ஸ்பூன். பெரியவர்களுக்கு ஒரு டீஸ்பூனுக்கு மேல் தேவையே இல்லை. குழந்தைகளுக்கு வேண்டாம், கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் டாக்டரைக் கேட்காமல் தின்ன வேண்டாம். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மகரந்தம் அந்த மருந்தின் வேகத்தைக் கூட்டிவிட்டதாகப் பதிவு உண்டு, அவர்களும் கேட்டுவிட்டுத்தான்.

கடைசியாக, தோப்புக்காரர்களுக்கு. தேனில் பூச்சிமருந்து இருப்பதை விட மகரந்தத்தில் இருப்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம். இலையில் அடித்தது பூந்தூளில் படிகிறது. விதையில் தடவியது செடிக்குள் ஏறிப் பூவரைக்கும் வருகிறது. இமிடாகுளோபிரிட் உள்ளிட்ட மூன்று மருந்துகளை வெளிவயலில் பயன்படுத்தக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் தடுத்தது தேனீக்காகத்தான். அங்கே செடிகளிலேயே இயற்கையாக இருக்கும் சில நச்சுப் பொருள்களுக்கும்கூட, மகரந்த உணவில் இவ்வளவுதான் இருக்கலாம் என்று 2020இல் வரம்பு கட்டிவிட்டார்கள். அந்த நச்சு நம் சணப்புச் செடி இனத்திலும் உண்டு. இங்கே பாட்டிலில் எந்தப் பூவின் மகரந்தம் என்றுகூட எழுதுவதில்லை. எந்த ஊர், எந்த மாதம் எடுத்தது, என்ன பூ என்ற மூன்றும் எழுதாத பாட்டிலை வாங்காதீர்கள். பெட்டிக்காரர்களே, எழுதாமல் விற்காதீர்கள்.

தென்னையில் கருந்தலைப் புழுவுக்கும் கூன்வண்டுக்கும் வேர் வழியாக மருந்து கட்டும் பழக்கம் இந்தப் பகுதியில் பல வருஷமாக இருக்கிறது. வேர் உறிஞ்சுகிற மருந்து மரம் முழுக்கப் பரவுகிற வகை. அது பாளைக்கு மட்டும் போகாது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. அதனால்தான் மருந்து கட்டினால் குறிப்பிட்ட நாள் வரை காய் பறிக்காதீர்கள் என்கிறார்கள். காய்க்கு இருக்கிற அந்த விதி மகரந்தத்துக்கும் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். மருந்து கட்டவே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை; மரம் உங்களுடையது, நட்டமும் உங்களுடையது. உங்கள் தோப்பிலோ பக்கத்துத் தோப்பிலோ பெட்டி வைத்திருப்பவருக்கு, மருந்து கட்டும் முன்னால் ஒரு போன் பண்ணிச் சொல்லிவிடுங்கள். அவர் அன்றைக்கே பொறியைக் கழற்றிவிடுவார்.